கூதிர்க்கால வழிப்போக்கர்

அன்னம் என்றவுடனே, பாலையும் நீரையும் பிரித்துண்ணும் புள் என்று கூறி அமைந்துவிடுதல் தமிழ் பயில்வோரிடை வழக்கமாய்விட்டது. உரையிற் கண்டோம், ஏட்டில் எழுதினோம், தேர்வும் முடிந்தது. ஆனால் புறநானூற்றின் 67ஆம் செய்யுளிற் பிசிராந்தையார் விளிக்கும் அன்னம் அத்தகைய கற்பனைப் பறவை அன்று. குமரித்துறையில் இரை தேர்ந்துண்டு வடமலை நோக்கிப் பெயரும் சேவல் அது. இடையே உறையூரில் கோப்பெருஞ்சோழனது மாடத்தில் இறங்கிச் செல்லுமாறு வேண்டுகிறார் புலவர். பறவைகள் ஆண்டுதோறும் வலசை போகும் வழியை அறிந்தவர்க்கன்றி இவ்வாறு பாட இயலாது என்பது என் துணிபு.

நிற்க. அவ்வழி இன்றும் தூர்ந்துபோகவில்லை. பொருநை பாயும் நம் நெல்லைச் சீமைக்கு மழைக்கு முன்னரே வாலாட்டிக் குருவிகள் வந்துவிடுகின்றன. தகைவிலான்கள் வயல்மேல் தாழப் பறக்கின்றன. ஐப்பசி கார்த்திகையாகிய கூதிரில், மேற்கே மலைத்தொடரில் முகில் கவிந்த மாலைகளில், அண்ணாந்து பார்ப்பவர்க்கு வாத்தினங்கள் அணியணியாய்க் குளங்களை நோக்கி இறங்குங் காட்சி கிட்டும். அவற்றின் பின்னர் வருவது வரித்தலை வாத்து. வெண்மையான தலையிற் கரிய கோடுகள் இரண்டுடைய இப்பறவை, மங்கோலியா, திபெத்து முதலிய நாடுகளின் ஏரிக்கரைகளிற் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து, நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகின்றது. 7,000 மீட்டருக்கு மேலும் அது பறப்பதைக் கருவி பொருத்திக் கண்டிருக்கின்றனர். காற்று மெலிந்த அவ்வுயரத்திலும் உயிர்வளியை இறுகப் பற்றுந் தன்மை அதன் குருதிக்கு உண்டு.

இதுவே பிசிராந்தையார் கண்ட அன்னம் என்று யான் சாதிக்க வரவில்லை. பாட்டின் அன்னம் அயிரைமீன் மேய்கிறது; வரித்தலை வாத்தோ பெரும்பாலும் புல்லும் நெல்லும் மேய்வது. குளக்கரையில் நின்று பார்த்தவனுக்கன்றோ இவ்வையமே எழும்!

ஆனால் குளம் இருக்கவேண்டுமே. கூந்தன்குளம் 1994ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வூரார், தம் வீட்டு மரங்களிற் கூடு கட்டிய புள்ளினங்களைக் காத்து வந்தவர். ஆயினும் மழை பொய்த்து, மணிமுத்தாற்று நீரும் வாராத ஆண்டிற் குளம் வறண்டு கிடக்கிறது, பறவைகள் தங்குவதில்லை. சரணாலயமல்லாத ஏனைக் குளங்களின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. ஒரு கரையிற் குப்பை, மறு கரையிற் கட்டடம். அவையும் போயின் 67ஆம் செய்யுளுக்குச் சான்று காட்ட நமக்கு எஞ்சுவது அகராதி ஒன்றே.

தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் தைத்திங்களையொட்டி ஆர்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகின்றனர். விலங்கியல் மாணவர் அதற்குச் செல்வது இயல்பு. தமிழ் வகுப்பினரும் செல்லவேண்டும் என்பதே என் கோரிக்கை. புறநானூறு பாடமாயுள்ள ஆண்டில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினாற் போதும். தொலைநோக்கியை விலங்கியற் பகுதியாரிடம் இரவல் கேட்டுக்கொள்ளலாம்.