டாக்டர், என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்களேன்!

போன மாதம் விருதுநகரில் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனேன். நாற்பது தாண்டிவிட்டதால் டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். படிவம் 1-ஏ. ஏஜென்ட் ஒரு கிளினிக்கைக் கை காட்டினார். டாக்டர் செல்போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, பேப்பரை என் பக்கம் தள்ளினார். இருநூறு ரூபாய். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒட்டியிருந்த போட்டோவையாவது பார்த்தாரா, தெரியாது.

நீங்களும் இப்படித்தானே வாங்கினீர்கள்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைப் படித்தேன். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட் இவருக்குத் தெரிகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்கிறாரா? காது கேட்கிறதா? மாலைக்கண் உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தது. எனக்கே தெரியாத பதில்கள்!

மதுரையில் விமானம் ஏறுகிறோமே, அதை ஓட்டுகிறவர் கதையே வேறு. வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல். அறுபதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கண், காது, ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் சம்பளம் எத்தனை லட்சமாக இருந்தாலும் வீட்டில்தான் உட்கார வேண்டும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது தொடக் கூடாது. ஊதிக் காட்டும்போது மாட்டினால் முதல் தடவையே மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட்.

இத்தனைக்கும் பிறகும் தவறுகிறது. 2023 ஆகஸ்டில் நாகபுரியில் விமானத்தை ஓட்டப் போன இண்டிகோ பைலட், போர்டிங் கேட்டிலேயே சுருண்டு விழுந்து இறந்தார். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி தன் மனநோயைக் கம்பெனியிடம் மறைத்துவிட்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் செத்தார்கள். பார்த்துப் பார்த்துச் செய்கிற இடத்திலேயே இந்தக் கதி. பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற இடத்தில்?

சாயங்காலம் சிவகாசி ரோட்டில் நின்று பாருங்கள். பட்டாசு ஆபீஸ் விட்டு ஆட்களை அடைத்துக்கொண்டு வேன்கள் போகும். பட்டாசுப் பண்டல் ஏற்றிய லாரிகள் விருதுநகர் வந்து நாற்கரச் சாலையைப் பிடிக்கும். அந்த ஸ்டியரிங்குகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே படிவம்தான். ஆபத்தான சரக்கு ஏற்றும் டிரைவரின் லைசென்ஸ் 2019 வரை ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். சட்டத்தைத் திருத்தி மூன்று வருஷமாக்கிவிட்டார்கள். பைலட்டுக்கு ஒன்று, பட்டாசு லாரிக்கு மூன்று. என்ன கணக்கு இது?

நான் பி.காம். படித்தவன். வவுச்சரைப் பார்க்காமல் கணக்கு சரி என்று கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர் மாட்டினால் அவர் தொழிலே போய்விடும். டாக்டர்களுக்கும் அப்படி விதி இருக்கிறது. பொய் சர்டிஃபிகேட் கொடுத்தால் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம் என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ம் வருஷத்து ஒழுங்குமுறை சொல்கிறது. டிரைவர் சர்டிஃபிகேட்டுக்காகப் பெயர் போன டாக்டர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

'கெடுபிடி பண்ணினால் ஏழை டிரைவர் பிழைப்புப் போய்விடும் சார்' என்பார்கள். ஏன் போக வேண்டும்? பைலட்டே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் டிரைவர்களுக்கென்று ஒதுக்கி, கண்ணைப் பார்த்து, இலவசமாகக் கண்ணாடி கொடுங்கள். சர்க்கரை இருக்கிறவருக்கு மாத்திரை கொடுங்கள். சர்டிஃபிகேட்டை அங்கேயே எழுதுங்கள். விமானம் விழுந்தால் டி.வி.யில் ஒரு வாரம் ஓடும், வேன் கவிழ்ந்தால் பேப்பரில் நாலு வரி. இந்த வித்தியாசத்தைத் தவிர வேறென்ன தடை?

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் பையனைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போனேன். எதிர்வீட்டு மாமா காரிலிருந்து டேப்பை வைத்து 25 மீட்டர் அளந்தோம். நல்ல வெயில். அவன் நம்பரைக் கடகடவென்று படித்தான். எனக்கு 'டிஎன் 67' வரைக்கும் வந்தது. அதுவும் நம்ம மாவட்ட நம்பர் என்பதால் பழக்கத்தில் சொன்னது. அப்புறம் எல்லாம் கலங்கல்.

பையன் கேட்டான்: "அப்பா, நீங்க ஃபிட்டுன்னு எழுதியிருக்கே?"

திங்கட்கிழமை கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். அது வருகிறவரை பஸ்தான். பஸ் டிரைவரின் சர்டிஃபிகேட்டை எந்த டாக்டர் எழுதினாரோ!