கப்பல் கொடுத்த கிண்ணமும் கால் கொடுத்த பந்தும்



இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்தபோது மேலாக இருந்தது, கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய மூன்று பக்கக் கடிதம். மகனுக்குப் பதினான்கு வயது. பள்ளிக் காற்பந்துக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மாலைப் பயிற்சி. அதற்குள் பள்ளிப் பேருந்து போய்விடும். தகப்பனார் குலை வெட்டி முடித்து, குளித்து, மோட்டார் சைக்கிளில் போய் அழைத்து வரவேண்டும். "பந்து சோறு போடுமா?" என்று கேட்கிறார் தகப்பனார். "நமக்கு எதற்கு வெள்ளைக்காரன் விளையாட்டு? நம் சனங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறாராம் பாட்டி. நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறார் தாயார்.

பாட்டியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் சுவையான கேள்வி.

வெள்ளைக்காரன் விளையாட்டுத்தான், மறுப்பதற்கில்லை. கோலாலம்பூரில் இன்று மெர்டேக்கா சதுக்கம் என்கிறோமே, அந்தப் பச்சைத் திடலுக்கு அப்போது பாடாங் என்று பெயர். ஓரத்தில் 1884-ல் தொடங்கிய சிலாங்கூர் கிளப். எதிரே 1897-ல் கட்டி முடித்த, மணிக்கூண்டு வைத்த அரசாங்கக் கட்டடம். துரைமார்கள் மாலையில் கிரிக்கெட்டும் காற்பந்தும் ஆடி, இருட்டியதும் கிளப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

துரைமாரோடு விளையாட்டு நின்றுவிடவில்லை. அதை நம் பிள்ளைகளின் காலுக்குக் கொண்டுவந்தவை ஆங்கிலப் பள்ளிகள். கோலாலம்பூரில் 1893-ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தோன்றியபோது அதற்கு ஆதரவாக நின்ற பெரியவர்களில் நம் தம்புசாமி பிள்ளையும் ஒருவர். ஆற்றோரத்தில் ஹை ஸ்திரீட்டில் இருந்த பள்ளி அது. மழை பெய்தால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். 1929-ல்தான் மேட்டு நிலத்துக்கு மாறியது. மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897-லும் செயின்ட் ஜான்ஸ் 1904-லும் வந்தன. இங்கிலாந்துப் பள்ளிகளின் வழக்கப்படி பாடத்தோடு பந்தும் சேர்ந்து வந்தது.

அந்த வகுப்புகளில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் யார்? பெரும்பாலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் குடியிருந்த ரயில்வே ஊழியர்கள், கிராணிமார், கணக்கர்கள் ஆகியோரின் பிள்ளைகள். பால்மரம் வெட்டியவர் பிள்ளைக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு முடிந்துவிடும். அதன் பிறகு களைக்கொத்து, அதன் பிறகு உளி. பள்ளிக் குழு, பள்ளிச் சீருடை, பள்ளிக் கிண்ணம் எல்லாம் பட்டணத்துச் சமாச்சாரங்கள். ஆனாலும் பட்டணத்துத் தமிழர் சும்மா இருக்கவில்லை. 1914-லேயே கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் ஒன்றை அமைத்துவிட்டார்கள். டி.பி.சி.ஏ. என்றால் பழைய ஆட்களுக்கு உடனே தெரியும். துரைமார் கிளப்பைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிராமல், நமக்கென்று ஒன்று என்று தொடங்கிய அந்தத் துணிச்சலைப் பாட்டியிடம் சொல்லுங்கள். நூறாண்டுக்கு மேலாகிவிட்டது!

இனி அந்த முதல் பருவத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன்.

1912-ல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசாங்கம் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலை அன்பளிப்பாகக் கொடுக்க முடிவு செய்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் பணம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஈயம், ரப்பர், அபின் வரி. கப்பலுக்கு எச்.எம்.எஸ். மலாயா என்றே பெயர் வைத்தார்கள். 1915-ல் நீரில் இறக்கினார்கள். மறு ஆண்டே ஜட்லாந்து கடற்போரில் அடிபட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகளைப் பறிகொடுத்துவிட்டுக் கரை சேர்ந்தது.

போரெல்லாம் ஓய்ந்த பிறகு, 1921 ஜனவரியில், தன் பெயரைக் கொடுத்த நாட்டைப் பார்க்க அந்தக் கப்பல் வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், அது தங்கிய துறைமுகங்களில் ஒன்று. மாலுமிகள் இறங்கி ஊர்க்காரர்களோடு காற்பந்து, ரக்பி, ஹாக்கி என்று ஆடித் தீர்த்தார்கள். நல்ல உபசாரம் போலும்! கப்பல் தலைவர் புல்லர், நன்றிக்கு அடையாளமாக இரண்டு கிண்ணங்கள் தருவதாக ஜனவரி 28 தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினார். ஒன்று ரக்பிக்கு, மற்றது காற்பந்துக்கு. அப்படிப் பிறந்ததுதான் மலாயா கிண்ணம்.

நம் பாட்டன்மார் வெட்டிய பாலிலும் ஒரு பங்கு அந்தக் கப்பலில் இருந்தது. அந்தக் கப்பல் கொடுத்தது அந்தக் கிண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நமக்கும் அதில் ஒரு பிடி உண்டு. கேட்டு வாங்க யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

1921 ஆகஸ்டு 20. கோலாலம்பூரில் முதல் ஆட்டம். சிலாங்கூரும் பினாங்கும் மோதின. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கூடினார்கள் என்று பதிவு இருக்கிறது. அன்றைய கோலாலம்பூருக்கு அது ஒரு திருவிழாக் கூட்டம். சிலாங்கூர் 5-1 என்று வெளுத்து வாங்கியது. அந்த வேகத்தில் இறுதி ஆட்டத்துக்கும் போனது. அங்கே எதிரே நின்றது சிங்கப்பூர். ஆட்டம் நடந்தது நம் திடலில், கத்தியது நம் கூட்டம். ஆனால் 2-1 என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது சிங்கப்பூர்! முதல் பருவமே இப்படி முடிந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மறு ஆண்டு 1922-ல் அதே சிங்கப்பூரை 3-2 என்று வென்று சிலாங்கூர் கணக்கைத் தீர்த்தது. சிங்கப்பூரும் லேசுப்பட்டதல்ல. 1921 முதல் 1941 வரை ஒரு இறுதி ஆட்டத்தைக்கூட அது தவறவிடவில்லை.

அந்தக் காலத்து ஆட்டத்தை உங்கள் மகன் பார்த்தால் சிரிப்பான். தடித்த தோலைத் தைத்த பந்து, உள்ளே ரப்பர் பை. எந்தத் தோட்டத்துப் பாலில் செய்ததோ! வாயை நாடாவால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நம் ஊர் நான்கு மணி மழையில் நனைந்தால் பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். நாடா இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் அன்று இரவு தைலம்தான். சட்டை முதுகில் எண் கிடையாது. மாற்று ஆட்டக்காரர் கிடையாது. கால் பிசகினால் பத்துப் பேரோடு ஆடி முடிக்கவேண்டும். ஆஃப்சைடு விதியும் வேறு. முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்கவேண்டும். 1925-ல்தான் அதை இரண்டாகக் குறைத்தார்கள். ஆகவே அன்று ஒரு கோல் அடிப்பது என்பது இன்றையதைவிடக் கடினம். அப்படி இருந்தும் ஐந்து கோல்!

காலில் பூட்ஸ் இல்லாதவன் என்ன செய்வான் என்கிறீர்களா? 1911-ல் கல்கத்தாவில் மோகன் பகான் குழு, கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்துக் குழுவை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள்.

1921 என்ற அந்த ஆண்டைப் பற்றி இன்னொரு சேதியும் சொல்லவேண்டும். பாடாங்கில் ஐயாயிரம் பேர் ஆரவாரம் செய்த அதே சமயத்தில் தோட்டங்களில் அடுப்பு சரியாக எரியவில்லை. 1910-ல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. 1921-ல் அது ஒரு ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். கிண்ணத்தின் கதையை எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்து எழுதுவதில்லை. எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது.

ஆனாலும் பந்து தோட்டத்துக்குள் வந்தது. அதற்கு ஒரு காரணம் நம் வேலையிலேயே இருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக வடியும் என்பதால், இருட்டோடு பிரட்டுக்கு நின்று, விடியுமுன் மரத்தடிக்குப் போய், பிற்பகலுக்குள் பாலை நிறுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மாலை மிச்சம். அந்த மாலையில் இளவட்டங்களுக்கு இருந்த வழி இரண்டு. ஒன்று கள்ளுக்கடை, மற்றது திடல். (இரண்டுக்கும் போனவர்களும் உண்டு. எனக்குத் தெரியாதா!)

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சரிவான திடல். மேல்கோல், கீழ்கோல் என்று பெயர். முதல் பாதியில் கீழ்நோக்கி ஆடுகிறவர்கள் எத்தனை கோல் அடித்தாலும் இரண்டாம் பாதியில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கவேண்டும். கோல் கம்பம் மூங்கில். குழுவுக்கு ஒரே நிறச் சட்டை வேண்டும் என்று பழைய பனியன்களைச் சாயத்தில் முக்கி லயத்துக் கொடியில் காயப்போடுவார்கள். மழையில் ஆடினால் சாயம் இறங்கி எல்லார் முதுகும் நீலம். பக்கத்துத் தோட்டத்தோடு பந்தயம் என்றால் லோரியில் ஆட்கள் வருவார்கள். பெண்கள் சிறு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே நின்று வசைபாடுவார்கள். நடுவர் பெரும்பாலும் கிராணியார். அவர் ஊதினால் மறுபேச்சு இல்லை. மறுநாள் பெயர் பதிகிறவரும் அவர்தானே!

எங்கள் சிற்றப்பா அந்தக் குழுவின் கோல் காவலர். நெடிய கைகள். ஒரு முறை பட்டணத்தில் ஆள் தேர்வு நடக்கிறது, வாருங்கள் என்று சேதி வந்தது. சனிக்கிழமை. அன்று வேலை நாள். விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. மீறிப் போனால் ஒரு நாள் பெயர் போகும், நிறையும் கைமாறும் என்ற பயம். அவர் போகவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் பாலை நிறுத்துவிட்டு வந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து, அன்று முழுதும் பேசாமல் இருந்தார் என்று பாட்டி சொல்வார். போயிருந்தால் தேர்வாகியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். யார் கண்டது? பார்க்கவே வாய்ப்பில்லாமல் போயிற்று என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வாய்ப்புக் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாடே பார்த்ததே! 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன மலேசியக் குழுவுக்குத் தலைவர் எம். சந்திரன். அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள். மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்றார்கள். கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை மறக்க முடியுமா? நீண்ட கைகளுக்காக "ஸ்பைடர்மேன்" என்றே அழைத்தார்கள். 1980-ல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர் அவர். புறக்கணிப்பினால் குழு மாஸ்கோ போகவில்லை. 1988-ல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது வயது 35. அந்தக் குழுவை மனத்தில் வைத்து 2016-ல் வந்த "ஓலா போலா" படத்தில் கோல் காக்கும் தமிழ் இளைஞனைப் பார்த்துத் தியேட்டரில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்து கே. ராஜகோபால். ஆடினார், பிறகு பயிற்றுநராக நின்று 2010-ல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை நாட்டுக்கு வாங்கித் தந்தார். இனி அந்தப் பாட்டி "நம் சனங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டால், சம்பந்தம் இதுதான்.

இப்போது தகப்பனாருக்கு. ஐயா, பந்து சோறு போடுமா என்றால், பெரும்பாலோருக்குப் போடாது. பொய் சொல்லி உங்களை மகிழ்விக்க மாட்டேன். சந்திரனும் ஆறுமுகமும் ஆயிரத்தில் ஒருவர். மீதி ஆட்கள் எங்கள் சிற்றப்பாவைப் போல வேலைக்குப் போய்ச் சம்பாதித்துத்தான் சாப்பிட்டார்கள். ஆகவே படிப்பை விட்டுவிட்டு விளையாடட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியரிடம் நேரில் ஒரு முறை போய்ப் பேசுங்கள். தேர்வுக் காலத்தில் பயிற்சியைக் குறைக்க முடியுமா, அதே பாதையில் வரும் வேறு பெற்றோர் உண்டா, முறை வைத்து அழைத்து வரலாமா என்று கேளுங்கள். மூன்று நாளும் நீங்களே ஓடவேண்டியதில்லை. பூட்ஸ் வாங்கும்போது விலையைப் பார்த்து இரண்டு எண் பெரிதாக வாங்கிவிடாதீர்கள், கணுக்கால் பிசகும். ஆனால், "அன்றைக்கு விட்டிருந்தால்..." என்று அவன் நாற்பது வயதில் உங்களிடம் கேட்கும்படி வைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்வி ஒரு வீட்டில் எத்தனை காலம் தங்கும் என்பது எனக்குத் தெரியும்.

அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதத்தின் கடைசியில், ஏதோ சாதாரணமாக, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வீட்டு நடுக்கூடத்தில் மாமனார் இளமையில் நிற்கும் பழைய தோட்டக் குழுப்படம் ஒன்று இருக்கிறது, அதில் பதினோரு பேர், நடுவில் ஒரு பந்து என்று. பாட்டி அதற்குத் தினமும் பூ வைக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எந்த வாயால் அவர் "என்ன சம்பந்தம்" என்று கேட்கிறாரோ!

மலாயா கிண்ணத்தின் கோல் கணக்கு ஏடுகளில் இருக்கிறது. சரிவான திடலில் ஆடியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன, திடலும் போய்விட்டது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகக் காட்டிக் கேளுங்கள். மகனிடம் பென்சிலைக் கொடுத்துப் படத்தின் பின்பக்கத்தில் அவனையே எழுதச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.