தோற்றவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

தொழில் நொடித்தவர், தேர்வில் தவறியவர், வேலை போனவர், யாராக இருந்தாலும் பல சபைகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “ஜெபத்தில் எங்கே குறை வைத்தீர்கள், பிரதர்?” விசுவாசம் இருந்தால் வெற்றி, தோற்றால் விசுவாசத்தில் ஓட்டை. இந்தக் கணக்கு பொய். வேதத்துக்கே விரோதமான பொய்.

ஜொகூர்க்காரர்களுக்கு இது புரியாததல்ல. கொரோனா கிருமியால் 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைத்தவர்களின் வழி அடைபட்டது. இடையில் சில சிறப்பு ஏற்பாடுகள் வந்தாலும், தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்றுதான். பிழைப்பை இழந்தவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. தசமபாகம் தவறாதவரும் உண்டு. கிருமி யாருடைய விசுவாசத்தை எடைபோட்டது?

யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அவர்கள் மீதே மூண்டது. பிறவிக் குருடனின் நிலைக்கு யாருடைய பாவம் காரணம் என்று சீடர்கள் கேட்டபோது, அவன்மீதும் பெற்றோர்மீதும் பழி போட இயேசு மறுத்துவிட்டார்.

“சரி, தோல்வி வெற்றிக்குப் படிக்கட்டு” என்று அடுத்த வசனம் வரும். இதுவும் அதே சரக்குதான். சாட்சி நேரத்தில் கடன் அடைத்தவரும் வீடு வாங்கியவரும் மைக் பிடிக்கிறார்கள். மீளாதவர் பின்வரிசையில் தலைகுனிந்திருக்கிறார். ஆனால் பேதுருவைப் பாருங்கள். மும்முறை மறுதலித்தார், மந்தையை மேய்க்கும் பொறுப்பையும் பெற்றார். அதன் பிறகும் அந்தியோகியாவில் ஆட்களுக்குப் பயந்து, புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகினார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். தலைவர் மறுபடி சறுக்கியதை ஆதித் திருச்சபை மூடி மறைக்கவில்லை.

மன்னிப்பு உண்டு என்று நம்புகிறவருக்குத்தான் தன் கணக்கைத் திறந்து பார்க்கத் துணிவு வரும். சம்பளத்துக்கு மீறிய கார்த் தவணை என் பிழை. மூடிய எல்லை என் பிழையல்ல. முதலாவதைத் திருத்திக்கொள்ள வேண்டியவன் நான். இரண்டாவதில் தோள் கொடுக்க வேண்டியது சபை. எல்லாவற்றுக்கும் பழி சுமத்தினால், மனிதர் இரண்டையும் ஒளிப்பார். ஒளிக்கிறவர் எதையும் கற்கமாட்டார்.

போதகர்களே, வரும் ஞாயிறு இன்னும் கடனில் இருப்பவரைச் சாட்சி சொல்ல அழையுங்கள். அவர் பேசி முடித்ததும் பிரசங்கம் வேண்டாம். இந்த மாதத் தவணை எவ்வளவு என்று கேளுங்கள்.