குறுவாழ்வுச் சித்திரக்கதைகளும் மொழிபெயர்ப்பு வரலாறும்

தமிழ்ச் சித்திரக்கதை பற்றிய பேச்சு, 1960 முதல் தினத்தந்தியில் தொடரும் ‘கன்னித்தீவு’டன் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நின்றுபோன இதழ்களின் கதைகளும் கருதத்தக்கவை. 1962இல் ‘ஸ்டீல் க்ளா’ தொடரை வெளியிடத் தொடங்கிய பிரித்தானிய வார இதழ் ‘வேலியன்ட்’ 1976இல் மறைந்தது. அக்கதையோ, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வழி ‘இரும்புக்கை மாயாவி’யாகத் தமிழில் நிலைத்தது. ‘எஃகு உகிர்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், மின்னதிர்ச்சியால் உருமறையும் நாயகனுக்குக் கதைமரபின் ‘மாயாவி’யைச் சூட்டியது வெறும் பெயர்மாற்றம் அன்று, பண்பாட்டுப் பெயர்ப்பு. மொழிபெயர்ப்பியல் ஆய்வில் இத்தகைய ஆக்கங்களுக்கு உரிய இடம் வேண்டும். மலிவுத்தாள் நொறுங்கிவிடும், அதற்குமுன் இவ்விதழ்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்துதல் தமிழ்த்துறைகளின் கடமை என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.