கூண்டு தெரியும், சங்கு தெரியாது!



போன மாதம் காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி அங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறும் பக்கிங்காம் கால்வாயும். எந்தப் பக்கம் திரும்பினாலும் துறைமுகம், அனல் மின் நிலையம், பெரிய பெரிய டாங்குகள்.

பேசிக்கொண்டிருந்தபோது எங்கோ ஓர் ஆலையில் சங்கு ஊதியது. வேலை முடிந்து ஊதுகிற மாதிரி இல்லை. விட்டு விட்டு ஊதியது.

"என்னடி இது?" என்றேன்.

"தெரியலைடி. டெஸ்டுக்கு ஊதுறாங்கன்னு சொல்லுவாங்க. நின்னுட்டா சரி" என்றாள். சொன்னாளே தவிர, அவள் பார்வை பாயில் தூங்கிக்கொண்டிருந்த பதினெட்டுக் குழந்தைகளை விட்டு நகரவில்லை.

வாசலில் கருவாடு காயப்போட்டிருந்த ஆயா சிரித்தார். "ஹார்பர்ல கூண்டு ஏத்துனா எனக்குத் தெரியும்மா. பத்து ஏத்திட்டா புள்ளைங்கள தூக்கினு ஓடணும். இந்தச் சங்குக்கு இன்னா பண்றதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கலையே!"

எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்! துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு 1 முதல் 11 வரை. பகலில் கூண்டு, இரவில் விளக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாஷை புரியும். நம் வீட்டுக் குக்கர் விசில் மாதிரிதான். மூன்று விசில் வந்தால் அடுப்பை அணைக்க வேண்டும் என்று நமக்குத் தெரியுமல்லவா? சத்தம் மட்டும் போதாது. அதற்கு என்ன அர்த்தம், கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதை நன்றாகக் கற்றுக்கொண்டது ஒடிசா. 1999 அக்டோபர் புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். பிறகு கரையோரம் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். எங்கே போவது, யாரை முதலில் அழைத்துப் போவது என்று ஊர் ஊராக ஒத்திகை நடத்தினார்கள். 2013-ல் 'பைலின்' புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்கூட்டியே இடம் மாறினார்கள். இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. புயலின் மூர்க்கம் குறையவில்லை, ஜனங்களின் தயார் நிலை கூடியிருந்தது.

இதற்கு நேர் எதிர் போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. வெளியாட்களை எச்சரிக்கும் சங்கைச் சற்று ஊதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

அதன் பிறகுதான் சட்டங்கள் வந்தன. 1989-ல் வந்த அபாய ரசாயன விதிகளின்படி, பெரிய அபாயம் உள்ள ஆலை தன்னிடம் என்ன ஆபத்து இருக்கிறது, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றி வாழ்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வெளியே மக்களைக் காக்கும் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்கு வருடத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன் எண்ணூரில் என்ன நடந்தது? கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். 40-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் குப்பங்கள் சென்னை மாவட்டம், கழிமுகத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம். காற்றுக்கு மாவட்ட எல்லை தெரியுமா, என்ன?

அமோனியா நெடி மூக்கைத் துளைத்தால் நாம் செய்ய வேண்டியது:

* ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். அமோனியா தண்ணீரில் சீக்கிரம் கரையும். குழந்தைக்கும் இப்படியே செய்யுங்கள்.

* காற்று வீசும் திசையிலேயே ஓடாதீர்கள். வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போங்கள்.

* வெளியேற வழியில்லையா? கதவு, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி அடையுங்கள். அடுப்பை அணையுங்கள்.

* கண் எரிந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவுங்கள். உடுப்பை மாற்றுங்கள்.

* கைக்குழந்தைக்கு இருமல்தானே என்று விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.

எல்லா வாயுவுக்கும் ஒரே கைவைத்தியம் கிடையாது. அதனால்தான் பக்கத்து ஆலையில் இருப்பது என்ன என்று நமக்குத் தெரிய வேண்டும்.

தோழியிடம் சொன்னேன்: "கிராம சபைக் கூட்டத்தில் நாலு அம்மாக்களாகப் போய் மூன்றே கேள்வி கேளுங்கள். எங்களைச் சுற்றி என்னென்ன ரசாயனம் இருக்கிறது? எந்தச் சங்குக்கு என்ன அர்த்தம்? அடுத்த ஒத்திகை எப்போது, அதில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இடம் உண்டா? வாயால் கேட்டால் போதாது, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்."

"பொம்பளைங்க பேச்சை எழுதுவாங்களாடி?" என்றாள்.

ஆயா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "எழுதற வரைக்கும் உக்காந்துனு இருந்தா எழுதுவாங்க. நானும் வரேன்."

உங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் சங்கு ஊதுகிறதா, சகோதரி? அதன் அர்த்தத்தை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.