மிதிகட்டையை உணராத பாதம்

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்து நெய்வோர்க்குப் பாதமும் ஒரு கருவியே. "மிதிகட்டை காலில் படுவதே தெரியவில்லை" என்று சர்க்கரை நோயுள்ள ஒருவர் கூறினால், அதை வயதின் தளர்ச்சி என்று ஒதுக்க இயலாது.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதி நரம்புக்குள் அதனைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது. அம்மாற்றத்தில் நரம்பைக் காக்கும் பொருள்கள் செலவாகிவிடுகின்றன. புரதக் கைனேஸ் சி என்னும் மற்றொரு நொதியோ அளவுமீறிச் சமிக்ஞைகளை எழுப்பி, நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. மிக நீண்ட நரம்புகள் பாதத்தை அடைவன. கேடும் அங்கேயே தொடங்குகிறது.

அந்நொதியை அடக்கும் மாத்திரை உண்டா எனப் பலர் கேட்கின்றனர். உண்டு. எபால்ரெஸ்டாட் ஜப்பானில் 1992 முதல் வழக்கில் உள்ளது, இந்தியாவிலும் கிடைக்கிறது. சிலருக்கு நானும் எழுதுவதுண்டு. ஆனால் கைனேஸை அடக்க வந்த ரூபாக்சிஸ்டாரின் பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆகவே மாத்திரையை நம்பிச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதை நான் ஏற்பதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். வலியற்ற, சில நிமிடச் சோதனை அது. தறியை விட்டு எழுந்ததும் உள்ளங்காலை இல்லத்தார் ஒருவர் நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும். புண் தென்பட்டால், வலி இல்லாவிடினும் மறுநாளே வாருங்கள்.