சாப்பிட்டானா என்று மட்டும் கேட்கிறோம்

"நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." பள்ளிக்கூட வாசலில் இந்தப் பேச்சு எழாத வாரமில்லை. உடனே ஒருவர் சத்துமாவு டப்பாவைச் சொல்வார், ஒருவர் திருஷ்டி சுற்றச் சொல்வார், குடலேற்றம் தட்டும் பாட்டியின் வீட்டுக்கு வழியும் கிடைத்துவிடும். "பிள்ளை வெளிக்கு எப்படிப் போகிறது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கால் கழுவிக்கொள்ளப் பழகிவிட்டால் அதோடு நம் பொறுப்பு முடிந்ததாக நினைக்கிறோமே, சரிதானா?

நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகளுக்கு 7 வயது. எட்டு மாதம் இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. கீரையைத் துப்புகிறாள் என்று அவளைத்தான் திட்டினேன். குழாயில் தண்ணீர் வராத ஒரு காலையில்தான் அவள் மலத்தைப் பார்த்தேன்: வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஏராளமாக, தாங்க முடியாத நாற்றத்தோடு இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "எப்பவுமே இப்படித்தாம்மா" என்றாள்.

விழுங்கியதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. சேர்க்கிற வேலை சிறுகுடலுடையது. பெரியவர்களுக்கு அது சுமார் 6 மீட்டர் நீளம். கணையநீரும் பித்தநீரும் அங்கே வந்து உணவைக் கரைக்கின்றன. உட்சுவர் நெடுக, ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத விரல்களைப் போலக் குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. கரைந்ததை ரத்தத்துக்கு அனுப்புபவை அவைதான். இரும்புச்சத்து பெரும்பாலும் முதல் பகுதியிலும், பி12 கடைசிப் பகுதியிலும் ஏறுகின்றன. உறிஞ்சிகளைப் போர்த்தியிருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதும், பிறகு தானே சரியாவதும் இதனால்தான். ஆனால் உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கியே கிடந்தால் எத்தனை டப்பா கரைத்துக் கொடுத்தாலும் வீண்.

என் மகளுக்கு வந்தது சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் அவள் குடலுக்கு ஆகவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே இந்தத் தொடர்பைக் கண்டறிந்தவர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்பியதும் மறுபடி நலிந்தார்கள். நான் சத்தென்று ஊட்டியது சப்பாத்தி, ரவை உப்புமா, சேமியா. கடைப் பெருங்காயத்தூளில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் இதே நோய் என்று சொல்லவில்லை. ஜியார்டியா கிருமியாக இருக்கலாம், கணையக் கோளாறாக இருக்கலாம். ஆனால் வயிறு உப்பி, பின்புறம் வற்றி, வாய்ப்புண் திரும்பத் திரும்ப வந்தால் "அவங்க அப்பா வாகு" என்று தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். நாலு வயதுக்கு மேல் ஆண்டுக்கு 5 செ.மீ. அளவுக்காவது வளர வேண்டும். போன வருடச் சீருடை இந்த வருடமும் அளவாக இருந்தால் காசு மிச்சம் என்று சந்தோஷப்படாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகக் கோதுமையையும் நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகலாம்.

தடுப்பூசி அட்டையில் எடை குறித்த பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலத்தைக் கைபேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாம்தான் கூச்சப்படுகிறோம், அவர் முகம் சுளிக்க மாட்டார்.